புயல் இரவில் பள்ளியின் கதவு



நாம் மதரஸாவில் ஃபிக்ஹு ஓதிய காலத்தில் ஒரு சட்டம் எம்மை வெகுநாள் வியப்பில் ஆழ்த்தியது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், மழையின் காரணமாக இரு தொழுகைகளை இணைத்துத் தொழுவதைப் பற்றிய பகுதியில் வருவது அது. உறைபனியும் ஆலங்கட்டியும் உருகி ஆடையை நனைக்குமானால் அவையும் மழையின் சட்டத்தையே பெறும் என்பது அதன் கருத்து. ஆலங்கட்டியை எம்மில் ஓரிருவர் பார்த்திருந்தோம். பனி என்றால் எமக்குத் தெரிந்தது மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளி. சுபுஹுக்குப் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லி உம்மா வற்புறுத்துவாரே, அந்தப் பனி. அது எப்படி வானத்திலிருந்து கொட்டும், கொட்டிய பின் எப்படி உருகும் என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். உஸ்தாத் சற்று யோசித்து, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாரை உடைத்துத் தூளாக்கிப் படகில் ஏற்றுகிறார்களே, அதை வானத்திலிருந்து ஒருவர் அள்ளித் தூவுவதாக நினைத்துக்கொள் என்றார். வகுப்பே சிரித்தது. காரைக்கால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

இமாமவர்கள் பிறந்தது டமாஸ்கஸுக்குத் தெற்கே ஹவ்ரான் பகுதியிலுள்ள நவா என்னும் ஊரில். கற்றதும் கற்பித்ததும் டமாஸ்கஸில். ஹிஜ்ரி 676, அதாவது கி.பி. 1277 இல் அவர்கள் மறைந்தார்கள். குளிர்காலத்தில் பனி விழும் நாடு அது. பள்ளிக்கு வருவோர் பனிச்சேற்றில் வழுக்கி விழுவதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கக்கூடும். அந்த நாட்டு மக்களின் கால்களை எண்ணி எழுதப்பட்ட சட்டம் கடல் கடந்து, சோழமண்டலக் கரையில் பனியையே பாராத பிள்ளைகளின் நாவில் ஓதலாக வந்து சேர்ந்தது. அதை மனனம் செய்தோம். அதன் உட்பொருளை நம் ஊர்ப் புயலுக்குப் பொருத்திப் பார்க்கத்தான் மறந்துவிட்டோம். இக்கட்டுரை அந்த மறதியைப் பற்றியதே.

சட்டத்தை மீண்டும் ஒரு முறை கவனியுங்கள். வானிலிருந்து விழுவதன் பெயர் என்ன என்று அது கேட்கவில்லை. பள்ளிக்கு வரும் மனிதனின் ஆடை நனைகிறதா என்றே கேட்கிறது. மலை நாடுகளில் ஒரே குளிர்காலப் புயல் ஒரே இரவில் மூன்று நான்கு வடிவங்களில் இறங்கும். மேகத்தில் உருவாகும் பனிச்செதில், வழியெங்கும் காற்று உறைநிலைக்குக் கீழேயே இருந்தால் பனியாகவே தரையைத் தொடும். இடையில் சற்று வெப்பமான காற்றடுக்கு குறுக்கிட்டால் உருகும். அதற்குக் கீழே மீண்டும் ஆழமான குளிர் அடுக்கு இருந்தால் சிறு பனிக்குருணையாய் உறைந்து விழும். அக்குளிர் அடுக்கு தரையை ஒட்டி மெலிதாக மட்டும் இருந்தால் நீராகவே வந்து, மரக்கிளையையும் மின்கம்பியையும் படிக்கட்டையும் தொட்ட கணத்தில் கண்ணாடிபோல் உறைந்துகொள்ளும். கடைசியாகச் சொன்ன இந்த உறைமழைதான் மிகவும் கொடியது. பார்வைக்கு ஈரத்தரை போலத் தோன்றும், கால் வைத்தால் ஆளைச் சாய்க்கும்.

நம் தலைக்கு மேலும் இதே வேலைதான் நடக்கிறது என்றால் சிலர் நம்புவதில்லை. காரைக்காலுக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் காற்று உறைநிலையை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் கனமழையின் பெரும்பகுதி அவ்வுயரத்துக்கு மேலே பனியாகப் பிறந்து, இறங்கும் வழியில் உருகி நீராகிறது. நம் ஊரிலுள்ள வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் போன்ற கருவிகளின் திரையில், பனி உருகும் அந்த அடுக்கு ஒளிமிகுந்த பட்டையாகத் தெரியும். சூரத்துந் நூரின் 43 ஆம் வசனம் மேகங்கள் ஒன்றுதிரட்டப்படுவதையும் அவற்றினிடையே மழை வெளிப்படுவதையும் வானத்தில் மலைகள் போன்றவற்றிலிருந்து ஆலங்கட்டி இறக்கப்படுவதையும் சொல்லி, அவன் நாடியவரை அது தாக்கும், நாடியவரை விட்டு விலகும் என்கிறது. நாம் உஸ்தாதிடம் கேட்ட கேள்விக்கு விடை எம் தலைக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது.

2018 நவம்பர் மாதத்துக்கு வருவோம். அம்மாதம் 3 ஆம் நாள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பருவத்துக்கு முன்பே பெரும் பனி கொட்டியது. ஆப்பிள் மரங்கள் அப்போது இலை உதிர்த்திருக்கவில்லை. பல தோட்டங்களில் பழமும் பறித்து முடிந்திருக்கவில்லை. மொட்டை மரமாயிருந்தால் பனி கிளைகளுக்கிடையே வழுவிக் கீழே போயிருக்கும். இலைகள் ஏந்திக்கொண்டதால் ஈரப்பனியின் பாரம் ஏறி, ஷோப்பியான், புல்வாமா, குல்காம் பகுதிகளில் மரங்கள் நடுவே பிளந்து சாய்ந்தன. பதின்மூன்று நாள் கழித்து, 16 ஆம் நாள் நள்ளிரவு தாண்டி, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னைகள் வேரோடு வீழ்ந்தன. இரண்டு மரங்களும் நட்டவனைப் பல ஆண்டு காக்க வைத்த பிறகே பலன் தருபவை. இங்கே தென்னந்தோப்பின் நடுவே நின்று மகளின் நிக்காஹை எப்படி நடத்துவேன் என்று அழுத தகப்பனுக்கும், அங்கே பிளந்த மரத்தைக் கயிற்றால் கட்டிப் பார்த்த தகப்பனுக்கும் துயரம் ஒன்றே. பள்ளத்தாக்கின் செய்தி அந்த மாதத்தில் நம் தெருவுக்கு வரவேயில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு குளிர்காலத்தில் சால்வை விற்க வந்த காஷ்மீர்ச் சகோதரர் ஒருவர் பள்ளித் திண்ணையில் அமர்ந்து சொன்ன பின்னரே நாம் அறிந்தோம்.

கஜா வந்தது ரபீவுல் அவ்வலின் முதல் பத்து நாட்களுக்குள். மவ்லிது ஓதும் இரவுகள். வியாழன் மாலையே காற்று மாறிவிட்டது. மின்சாரம் போயிற்று. நள்ளிரவுக்குப் பின் ஓட்டுக்கூரைகள் பறக்கும் ஓசையும் வேப்பமரங்கள் முறியும் ஓசையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. சுபுஹு வேளையில் காற்று ஓரளவு அடங்கியிருந்தாலும் மழை நிற்கவில்லை. ஒலிபெருக்கி இயங்காததால் மோதினார் படியில் நின்று வாயாலேயே பாங்கு சொன்னார். எம் தெருவில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகளாக முதல் வரிசையை விடாதவர். பாங்கு காதில் விழுந்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மகன் தடுத்ததற்கு, அழைப்பு வந்துவிட்டது, இனி வீட்டிலிருக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டாராம். தெருமுனையில் விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிப் போக முயன்று, இருட்டில் வடிகாலுக்குள் சரிந்தார். அறுந்து தொங்கிய கம்பியில் மின்சாரம் இல்லாதது அல்லாஹ்வின் அருள். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. கட்டிலிலேயே சைகையால் தொழுதார்.

அவரைப் பார்க்க வந்தோர் பெரும்பாலும் அவருடைய ஈமானைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் தவறில்லை. அவருடைய எண்ணத்துக்குரிய கூலி அவருடைய இறைவனிடம் இருக்கிறது. ஆயினும் அவர் ஒருநாள் எம்மிடம் சொன்ன சொல் வேறு. “வீட்டுலயே தொழுதுக்கலாம்னு பாங்குல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெளியே போயிருக்கவே மாட்டேன் தம்பி. கூப்பிட்டாங்க, போனேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை நம் மார்க்கத்தில் உண்டு. கடுங்குளிரும் காற்றும் கூடிய ஓர் இரவில் பாங்கு சொன்ன இப்னு உமர் (ரலி) அவர்கள், உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவித்து, குளிரோ மழையோ உள்ள இரவுகளில் நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்கு இவ்வாறே கட்டளையிடுவார்கள் என்று கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. மழையும் சேறுமாயிருந்த ஒரு வெள்ளிக்கிழமையில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் முஅத்தினிடம், தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக வீடுகளில் தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் சொன்னார்கள். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். தம்மைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார் என்றும், ஜும்ஆ கட்டாயக் கடமையே என்றாலும் மக்களைச் சேற்றிலும் சகதியிலும் நடக்கவைக்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் அவர்கள் விளக்கினார்கள். ஆக, முகம் சுளிப்பதும் புதிதில்லை. பாங்கின் ஒழுங்கு குலையாதிருக்க அதை முழுமையாகச் சொல்லி முடித்த பின் இவ்வறிவிப்பைச் செய்வது மேல் என்பது இமாம் நவவியின் கருத்து.

ஜமாஅத்துக்குப் போகாமலிருக்க அனுமதிக்கும் காரணங்களை மின்ஹாஜ் வரிசைப்படுத்தும் இடத்தில் மழை வருகிறது, கடுஞ்சேறு வருகிறது, இரவில் வீசும் பெருங்காற்றும் வருகிறது. இரவில் வீசும் பெருங்காற்று என்பதைப் படிக்கையில் நம் கடற்கரையில் வாழ்ந்த ஒருவரே அதை எழுதினாரோ என்று தோன்றும். இணைத்துத் தொழும் சலுகையையும் ஷாஃபிஈ மத்ஹபு தருகிறது: லுஹருடன் அஸரையும், மஃரிபுடன் இஷாவையும் முந்தைய தொழுகையின் நேரத்திலேயே ஜமாஅத்தாகத் தொழலாம். மழை இரு தொழுகைகளின் தொடக்கத்திலும் முதல் தொழுகையின் ஸலாமின்போதும் பெய்துகொண்டிருக்க வேண்டும். பள்ளி தொலைவிலிருந்து வழியில் மழை துன்பம் தர வேண்டும். இதன் நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஹனஃபி சகோதரர்கள் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இணைத்துத் தொழுவதில்லை. ஆனால் கடும் மழையிலும் சேற்றிலும் வீட்டில் தொழுதுகொள்ளலாம் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆகவே நம் ஊரின் எந்தப் பள்ளியும் மத்ஹபைக் காரணம் காட்டி இந்த அறிவிப்பைத் தவிர்க்க முடியாது.

இதைச் சொன்னால் உடனே எழும் எதிர்ப்பை நாம் அறிவோம். சலுகையைச் சொல்லிக்கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பார்கள். சோம்பேறிக்கு அனுமதி தேவையில்லை, உறவுகளே. தூறல் விழுந்தாலே அவர் போர்வையை இழுத்துக்கொள்வார். அனுமதி தேவைப்படுவது அதைத் தானாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாத மனிதருக்கே. அழைப்பு வந்தால் உயிரைப் பொருட்படுத்தாமல் வருபவர் என்று எவரை நாம் புகழ்கிறோமோ, அவரைத்தான் நம் மௌனம் வடிகாலில் தள்ளுகிறது. மக்கள் குழம்புவார்கள் என்னும் வாதமும் நிற்காது. 2020 மார்ச்சில் குவைத்தின் பள்ளிகளிலிருந்து அந்த அறிவிப்பு பாங்கோடு ஒலித்த காணொளி நம் வீடுகளின் கைப்பேசிகளில் எத்தனை முறை ஓடியது! அழுதோம், ஒருவரும் குழம்பவில்லை.

எச்சரிக்கையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வானிலை அறிவிப்பில் “தமிழ்நாடு, புதுச்சேரி மற்றும் காரைக்கால்” என்று அந்த ‘மற்றும்’க்குப் பின்னால் நிற்பவர்கள் நாம். சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகமோ வடக்கே தொலைவிலுள்ள புதுச்சேரியில். நாகை ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் நம் பிள்ளைகள் பையைக் கீழே வைத்துவிடுவதும், நமக்கு அறிவிப்பு வரவில்லை என்று தெரிந்து மீண்டும் தூக்குவதும் ஆண்டுதோறும் நடக்கும் வேடிக்கை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் காரைக்காலுக்கும் மகாபலிபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று நாள்கணக்கில் சொல்லப்பட்டு, இறுதியில் 30 ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கடந்தது. அங்கே வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இங்கே சிலர், இவர்கள் சொல்வது என்றைக்கு நடந்தது என்று நகைத்தார்கள். அடுத்த புயலுக்கு இந்த நகைப்பே பெரிய ஆபத்து. கிளிஞ்சல்மேட்டு மக்கள் ஆழிப்பேரலையில் இழந்தவர்களை எண்ணிப் பார்ப்பவர் கடலைப் பற்றிய எச்சரிக்கையைக் கேட்டு நகைக்கமாட்டார்.

சால்வை விற்க வந்த அந்தச் சகோதரரிடம், உங்கள் ஊரில் பனிக்காலத்தில் பள்ளிக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டோம். போகாமல் இருந்தால்தான் குளிரில் சாவோம் என்று சிரித்தார். காஷ்மீரத்துப் பள்ளிகள் பலவற்றில் ஹமாம் என்னும் அறை உண்டு. தளம் கற்பலகையால் ஆனது. அதன் அடியில் விறகெரித்துத் தளத்தைச் சூடாக வைத்திருப்பார்கள். ஒளுச் செய்ய வெந்நீரும் அங்கேயே கிடைக்கும். தொழுகை முடிந்த பிறகும் முதியவர்கள் அந்தக் கல்லின்மேல் அமர்ந்திருப்பார்கள். விறகுக்கு மஹல்லாவே செலவழிக்கிறது. அதாவது, வானம் சினக்கும்போது ஊரில் மிகவும் பாதுகாப்பான இடமாக அவர்கள் பள்ளியை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் பேசி முடித்ததும் எமக்குக் கஜா இரவு நினைவுக்கு வந்தது. இஷாவுக்குப் பின் வழக்கம்போல் பள்ளி பூட்டப்பட்டது. எம் ஊரில் உறுதியான கான்கிரீட் கூரையும் கிணறும் கழிப்பறைகளும் ஒருங்கே அமைந்த கட்டடங்கள் பள்ளிகளே. அவற்றைச் சுற்றி ஓட்டு வீடுகளிலும் கீற்றுக் கொட்டகைகளிலும் எத்தனை குடும்பங்கள்! அவர்களில் முஸ்லிம் அல்லாதாரும் உண்டு. மறுநாள் சோறு சமைத்து வழங்கியதில் எம் இளைஞர்கள் குறை வைக்கவில்லை. சட்டி சட்டியாகப் போயிற்று. ஆனால் காற்று அடித்த அந்த நான்கு மணி நேரம் கதவு மூடியிருந்தது. சாவி ஒருவரிடம், அவர் வீடு வேறு தெருவில். யாரும் வேண்டுமென்று மூடி வைக்கவில்லை. திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்பருவத்திலாவது வியாழன் இரவுகளில் கூடும் நிர்வாகத்தினர் இதைப் பேசட்டும். சிவப்பு எச்சரிக்கை வந்த மாலையில் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும்; பெண்கள் தங்கத் தனியிடமும் வழியும் ஒதுக்கப்பட வேண்டும். சாவி பள்ளிக்கு அடுத்த வீட்டில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்கு ஒரு பாட்டரி வாங்கி வைப்பது பெருஞ்செலவில்லை. கந்தூரிக்கும் திருமண விருந்துக்கும் நாம் கட்டும் சீரியல் விளக்குகளின் வாடகையை எண்ணிப் பார்த்தால் சொல்லவே கூச்சமாயிருக்கிறது. தனியே வாழும் முதியோர் பெயர்கள் ஒரு தாளில் இருந்தால் இளைஞர்கள் மாலையிலேயே போய்ப் பார்த்து வருவார்கள். ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள், சாம்பிராணிச் சட்டியைக் கதவடைத்த அறையில் கனலவிட்டுத் தூங்காதீர்கள் என்றும் அதே ஒலிபெருக்கியில் சொல்லலாம். 2013 டிசம்பரில் நம் தமிழ் மக்கள் நிறைந்து வாழும் டொராண்டோவில் உறைமழை கொட்டி இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கியபோது, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டியவர்கள் நச்சுப்புகையில் மயங்கினார்கள். அந்தப் பகுதியில் உயிரிழப்பும் நேர்ந்தது. பனியில்லாத நம் ஊரில் அந்தப் புகை ஜெனரேட்டரிலிருந்து வரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

எம் தெருப் பள்ளியின் மோதினாரிடம் இவற்றையெல்லாம் ஒருநாள் அஸருக்குப் பின் பேசிக்கொண்டிருந்தோம். நிர்வாகம் சொன்னால் நாளைக்கே சொல்லத் தயார் என்றார். பிறகு தயங்கி, எனக்கு அந்த வாசகம் பாடமில்லை, ஓர் அட்டையில் எழுதித் தாருங்கள் என்றார். அரபியில் பெரிய எழுத்தாகவும் கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தோம். அதை ஒலிபெருக்கி வைத்திருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார். நிர்வாகக் கூட்டம் இரு முறை தள்ளிப்போய், வருகிற வியாழன் மஃரிபுக்குப் பின் என்று முடிவாகியிருக்கிறது.

வஸ்ஸலாம்.